ஏலத்தில் எடுத்த மரச்சீனி

எங்கள் வீட்டின் பெரிய சத்தமே, என் மெர்சி மைனி,

நீங்கள் கர்த்தரிடம் போன பிறகு வந்த முதல் அறுப்பின் பண்டிகை போன வாரம் முடிந்தது. காணிக்கையாக வந்த வாழைக்குலை, சேனை, கோழி எல்லாம் ஆராதனைக்குப் பிறகு வழக்கம்போலக் கோயில் முற்றத்தில் ஏலம் போயின. உங்கள் குரல் இல்லாமல் ஏலம் ஏலமாகவே இல்லை.

ஒரு சங்கதி சொல்ல வேண்டும். வீட்டில் எல்லா அறைக்கும் ஏசி வைத்துவிட்டேன். மதிலுக்கு அந்தப் பக்கம் லீலாவின் தகரக் கூரை வீடு, தெரியுமே. தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலை முடிந்து, வெயிலில் வெந்த உடம்போடு வந்து வாசலில் உட்காருவாள். நான் ஜன்னலைச் சாத்துவேன். ஏசி போட்டால் சாத்தத்தானே வேண்டும்? ஆனாலும் சாத்தும்போதெல்லாம் திருடன்போல இருக்கிறது, மைனி.

அதனால்தான் லீலா கொண்டுவந்த ஒரு மூடு மரச்சீனிக் கிழங்கு ஏலத்துக்கு வந்தபோது வீம்பாகக் கேட்டேன். போட்டிக்கு ஆள் இல்லாத பிறகும் என் விலையை நானே கூட்டினேன். சபையே கைதட்டியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு நல்ல தூக்கம்.

நேற்று ஆராதனை முடிந்ததும் லீலா ஓடிவந்தாள். "சாரே, கிழங்கு வெந்துதா? கைப்பு ஒண்ணும் இல்லியே? புது விளையில நட்டதாக்கும், அதான் கேட்டேன்."

கிழங்கு கார் டிக்கியிலேயே கிடந்து நாறிப்போயிருந்தது. பொய் வாய்வரைக்கும் வந்தது. "தின்னல்ல லீலா, கெட்டுப் போச்சு" என்றேன்.

அவள் முகம் விழுந்துவிட்டது. "பின்ன எதுக்கு சாரே ஏலம் எடுத்திய?"

உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். நீங்களும் வசதியாக இருந்தவர்தானே. இதையெல்லாம் அனுபவிக்கக் குற்றமாகத் தோன்றாதா என்று ஒருநாள் கேட்டதற்கு என்ன சொன்னீர்கள்? "போலே மக்கா! நான் ஃபேனை அணைச்சா லீலாவுக்குக் காத்து வருமா? கூலியைக் கூட்டிக் குடுக்க உங்க அண்ணன்ட்ட சொல்லு." தோட்டத்தில் ரப்பர் வெட்டுகிறவர்களுக்குக் கூலி கூட்டும்வரை அண்ணனுக்கு டீ கூடப் போட்டுக் கொடுக்கவில்லையே நீங்கள்! என்ன ஒரு மனுஷி, மைனி!

ஏலத்தில் எடுத்த பப்பாளியை மறுநாளே கறிவைத்துத் தின்றுவிட்டு, கொண்டுவந்தவள் வீட்டு வாசலிலேயே போய் நிற்பீர்கள். "எடி, உனக்க பப்பாளி வேவவே இல்ல கேட்டியா!" அவளுக்குச் சிரிப்பு அடங்காது. அடுத்த நிமிஷம் அவள் அடுக்களையில் உட்கார்ந்து கட்டன்சாயா குடித்துக்கொண்டிருப்பீர்கள். உங்களை ஒருவரும் தர்மவதி என்று சொன்னதில்லை. "நம்ம மெர்சியக்கா" என்றார்கள். எனக்கு ஏன் அது வாய்க்கவில்லை? கொடுக்கத் தெரிந்த எனக்கு அவர்கள் வீட்டில் போய் உட்காரத் தெரியாமல் போனது எப்படி?

லீலா கோபத்தில் போய்விடவில்லை. நாலடி போனவள் திரும்பி, "நாளைக்கு சாயங்காலம் வாருங்க, இன்னொரு மூடு பிடுங்குறேன். தின்னுட்டுச் சொல்லுங்க" என்றாள். "வாறேன்" என்றேன்.

இதோ கிளம்பிக்கொண்டிருக்கிறேன். பர்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். அந்தத் தகரத்துக்கு அடியில் உட்கார்ந்து, வியர்க்க வியர்க்க வயிறு நிறையத் தின்பேன். கைத்தால், கைக்கிறது என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். இது சத்தியம், மைனி.

உங்கள் கொழுந்தன்
ராஜன்