சின்ன ஓட்டைக்காரனுக்கு

இன்று காலை வாசலில் பச்சை மிளகைப் பரப்பியதும் அந்தக் காரம் மூக்கில் ஏறி உன் ஞாபகம் வந்தது. பறித்துக் கொடுத்தது உன் அண்ணன் அனுப்பிய ஆள். என் முதுகு நீளமாக அறுத்த முதுகு என்பதால் வருஷா வருஷம் ஆள் அனுப்புகிறார். அவ்வளவு இரக்கம். உனக்கு மட்டும் அனுப்பவில்லை.

பலாப்பழத்தை நாமக்கல்லில் இறக்கிவிட்டு மலையேறும்போதுதான் நம் வண்டி கவிழ்ந்தது. இருவருக்கும் முதுகெலும்பு உடைந்து, சேலத்தில் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தோம். எனக்கு எலும்புச் சில்லு நரம்பை அழுத்தியதால் முதுகைக் கிழித்து, சதையை விலக்கி, சில்லை எடுத்துக் கம்பி வைத்தார்கள். ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. உனக்கு நரம்பு தப்பியிருந்தது. சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டு, எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே கம்பியையும் திருகாணிகளையும் உள்ளே செலுத்திவிட்டார்கள். மறுநாளே எழுந்து என் கட்டிலருகே வந்து நின்றாய்.

"மாப்ள, உனக்கு ஏர் ஓட்டிட்டாங்கடா. எனக்கு மரவள்ளிக் குச்சி ஊன்றதுக்குக் குழிதான் போட்டிருக்காங்க."

சிரித்தால் தையல் இழுக்கும் என்று தெரிந்தே சிரிக்க வைத்தாய், பாவி.

உன்னை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னது எனக்கும் கேட்டது. "ஓட்டைதான் சின்னது. உடைஞ்ச எலும்பு ரெண்டு பேருக்கும் மெதுவாத்தான் கூடும். நான் சொல்ற வரைக்கும் பாரம் தூக்கக்கூடாது, மரம் ஏறக்கூடாது." நீ தலையாட்டினாய். உன் அண்ணனும்தான் தலையாட்டினார்.

நம் ஊரைப் பற்றி உனக்கா சொல்ல வேண்டும்? ஆபரேஷன் செய்து வந்தவனைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் சட்டையைத் தூக்கச் சொல்வார்கள். காயத்தின் நீளத்துக்குத் தக்கபடிதான் பரிதாபம். பெரிய அறுப்பு என்றால் வீட்டுக்கு ஓராள் வந்து அவன் காட்டு வேலையை முடித்துக் கொடுப்பார்கள். என் முதுகைப் பார்த்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். களியும் கோழிக்குழம்பும் வந்தபடி இருந்தன. நீயும் சட்டையைத் தூக்கிக் காட்டினாய். "இதுக்கா சேலம் போய்ப் படுத்திருந்த? முள்ளு கீறினாக்கூட இதவிடப் பெருசா இருக்கும்" என்றார் உன் அண்ணன். கூட்டமே சிரித்தது. அன்றிலிருந்து உனக்குப் பெயர் சின்ன ஓட்டைக்காரன்.

டாக்டரம்மா சொன்னதைச் சொல்லவேண்டியதுதானே என்று கேட்டேன். சொன்னாயாம். வேலைக்குப் பயந்து கதை விடுகிறாய் என்றார்களாம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். முகம் சிரிக்கவில்லை. நான் உன் அண்ணனை வரவழைத்து, உன் காட்டு மிளகுக்கு ஆள் விடச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் என் காலைத் தடவிக் கொடுத்தார். "நீங்க பேசாமப் படுங்க சாமி. உங்களுதுதான் பெரிய காயம்."

மிளகு பழுத்தது. உன் காட்டுக்கு ஒருவரும் வரவில்லை. ஒற்றை மூங்கில் ஏணியை, மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் நீயே சாத்தி ஏறினாய். ஒரு கொத்துக்கு எட்டியவன் சட்டென்று முதுகைப் பிடித்துக்கொண்டாயாம். மறுகையும் நழுவியது. கீழே பாறை.

உன்னைக் குளிப்பாட்டும்போது புரட்டிப் போட்டு முதுகைப் பார்த்தார் உன் அண்ணன். "எல்லாம் நல்லாத்தான ஆறியிருக்குது" என்றார். யார் தோளையோ பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். நிமிரும் தெம்பிருந்தால் அங்கேயே அவர் கழுத்தை நெரித்திருப்பேன்.

உங்கள் வீட்டில் எரிப்பதுதான் வழக்கம். மறுநாள் பால் ஊற்றிவிட்டு எலும்பு பொறுக்கச் சாம்பலைத் துழாவிய உன் அண்ணன் கையில் கறுத்த கம்பிகள் வந்தன. பிறகு திருகாணிகள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இத்தன பெருசாங்க உள்ள இருந்துச்சு?"

"எனக்குள்ளயும் இதேதானுங்க. ஒரே அளவு."

ஆற்றில் விடப் போனவரிடம் ஒரு திருகாணியை மட்டும் கேட்டு வாங்கினேன். எப்போதும் என் சட்டைப் பையில்தான் வைத்திருப்பேன். இப்போதும் யாராவது முதுகைக் காட்டச் சொன்னால், அதை எடுத்து உள்ளங்கையில் வைக்கிறேன். மிளகு பறிக்க வரும் ஆள் கூலி வாங்குவதில்லை. திரும்பும்போது அவன் கையில் அதைக் கொடுத்தனுப்புகிறேன், உன் அண்ணனிடம் காட்டிவிட்டுக் கொண்டுவரச் சொல்லி. அவரும் வாங்கிப் பார்த்துவிட்டு மறுநாள் அனுப்பிவிடுகிறார். ஒரு வருஷமும் தப்பியதில்லை.

இன்றும் போயிருக்கிறது.