என் பெயரில் ஒரு ஹிட்

ஜூன் 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்து லண்டன் தூறல். கிங்ஸ்பரி ஸ்டேஷன் படியில் வழுக்கி விழப் பார்த்தேன். குடை கந்தோரில், வேலை மேசைக்கடியில்.

கோட்டைக் கழற்றக்கூட இல்லை, ஜெ. கூப்பிட்டான். ஜெயந்தன், எங்கள் பிரிவின் டீம் லீடர். இரண்டு வருடத்துக்கு முன் அவனை இந்த வேலைக்குச் சிபாரிசு செய்தவள் நான். புத்தி கெட்டவள்.

ஞாயிறு ஆட்டத்தின் பதிவில் பிழையாம். அமெரிக்க பேஸ்போல். அங்கே ஆடியதை மறுநாள் வீடியோவில் பார்த்து, பந்து பந்தாகப் பதிவைச் சரிபார்ப்பது எங்கள் வேலை. பத்திரிகை, டிவி எல்லாம் எங்களிடம்தான் எடுக்கும். ஆறாவது இன்னிங்ஸில் உருண்டு வந்த பந்து, தடுக்க நின்றவனின் காலுக்கிடையால் போனது. மைதானத்து ஸ்கோரர் கொடுத்தது 'எரர்', தடுத்தவனின் பிழை. திங்கள் காலை நானும் அப்படியே போட்டேன். இப்போது பதிவில் 'ஹிட்', அடித்தவனின் திறமை. பக்கத்தில் என் பெயர். வாடிக்கையாளர் முறைப்பாடு.

ஏழு பேருக்கு முன்னால் கேட்டான்: "அக்கா, கண்ணாடியை மாத்துங்கோ. ஹிட்டுக்கும் எரருக்கும் வித்தியாசம் தெரியேல்லையோ?"

"நான் எரர் எண்டுதான் போட்டனான்."

"பேர் உங்கட பேர்."

எச்சரிக்கைக் கடிதம். ஏப்ரலில் ஏற்கெனவே ஒன்று, பிந்திப் போனதற்கு. இன்னொன்று வந்தால் வேலை போய் வீட்டுக்கு.

ஜூன் 4, புதன்

வெயில். வாங்க: வெங்காயம், சீனி, இவருக்குப் பிரஷர் குளிசை.

கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கும் கவிதா, கோயம்புத்தூர்ப் பிள்ளை. அவளிடம் கேட்டேன்.

"ஆமாக்கா, திங்கக்கிழமை 4.40க்கு உங்க பேர்லதான் மாத்தியிருக்காங்க. ஆனா மெஷின் உங்களோடது இல்ல. ஜெயந்தனோடது."

4.40க்கு நான் பல் வைத்தியரிடம், வாயைப் பிளந்தபடி. எல்லோருடைய பாஸ்வேர்டும் லீடரிடம் இருக்கும். கவிதா பிரிண்ட் எடுத்துத் தந்தாள்.

இரவுச் சாப்பாட்டில் இவர்: "எங்கட ஊர்ப் பெடியன்தானே. விட்டுக்குடும்." கடிதம் வந்தது இவருக்கில்லை.

ஜூன் 5, வியாழன்

கந்தோர்ச் சமையலறையில் ஜெ. பிரிண்ட் விஷயத்தை அவனுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். குரல் இறங்கியிருந்தது.

"அக்கா, வீடியோவில ஹிட் மாதிரித்தான் கிடந்தது. லீடர் மாத்தினதையெல்லாம் மனேஜர் திரும்பப் பார்ப்பா. அதாலதான் உங்கட பேரில..."

"அப்ப கடிதம்?"

"என்ர மனுசிக்கு அடுத்த மாதம் பிள்ளை பிறக்கப்போகுது. மனேஜரிட்டச் சொல்லாதேங்கோ அக்கா."

மன்னிப்பு என்ற சொல் வருமா என்று பார்த்து நின்றேன். கேத்தில் கொதித்து ஓய்ந்தது. வரவில்லை.

"நாளைக்குப் பத்து மணிக்கு மனேஜரிட்டப் போறன். நீயும் வா."

ஜூன் 6, வெள்ளி

காற்று. தலையிடி.

மனேஜரின் அறையில் இருபது நிமிடம். பிரிண்ட், பல் வைத்தியர் நேரம் போட்டுத் தந்த சீட்டு, இரண்டையும் வைத்தேன். ஜெ. நிலத்தைப் பார்த்தபடி "ஓம்" என்றான், அவ்வளவுதான். கடிதம் ரத்து. அவன் இனி லீடர் இல்லை. என் எதிர் மேசையில் இருத்திவிட்டார்கள். முகத்தைப் பார்க்கவே பத்தி எரிகிறது.

சந்தோஷம் வந்தது. மத்தியானம் வரை. பின்னேரம் மச்சாள், இவரின் தங்கை, போன்: "பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டுச் சோத்தில கை வைச்சிட்டியாமே?" போனை வைத்துவிட்டேன். இவரும் பேசவில்லை. பேசாமலே இருக்கட்டும்.

ஜூன் 7, சனி

மீன் கடை. நல்ல வரிசை. பின்னால் திரும்பினால் நிரோஜா, ஜெ.யின் மனைவி, இடுப்பில் கையூன்றியபடி. அவள் தொடங்கட்டும், நாலு வார்த்தை கொடுக்கிறேன் என்று இருந்தேன்.

"அக்கா, இவர் வீட்டிலயும் இப்பிடித்தான். காரைக் கொண்டுபோய் இடிச்சது அவர். மாமிக்குச் சொன்னது நான் இடிச்சதெண்டு."

அடுக்கி வைத்திருந்த நாலு வார்த்தையும் போய்விட்டது.

"பிள்ளை பிறந்து கொஞ்சம் போகட்டும். உங்கட கந்தோரில எனக்கொரு வேலை கிடைக்குமோ?"

விளைமீன் வெட்டியாகிவிட்டது. பையை வாங்கினேன்.

"விண்ணப்பம் போடும்," என்றேன். "என்ர பேரை மட்டும் எங்கயும் எழுதாதேயும்."