மெழுகில் ஓர் இடது கை

ஜூன் 3, செவ்வாய்

காலை ஆறரைக்கு என் புருஷனுக்கு நான்கு இட்லி ஊட்டிவிட்டுக் கிளம்பினேன். மதியம் மாட்டுங்காவில் வானமாமலை சாருக்குத் தயிர்ச்சாதம் ஊட்டினேன். படுக்கையில் கிடக்கும் மனிதர். அவரைப் பார்த்துக்கொள்வதுதான் என் டியூட்டி. சாயங்காலம் தாராவி வீட்டுக்கு வந்தால், என் புருஷனுக்கு மதியத்துக்கு வைத்துவிட்டுப் போன சோறு வைத்தபடியே இருக்கிறது.

பெல்ட் பட்டறை பிரஸ் மெஷினில் அவர் வலது கை மாட்டி நாற்பது நாள். கட்டுப் போட்ட கையால் முடியாது, சரி. இடது கை சும்மாதானே இருக்கிறது?

"பீச்சாங்கையால சோறா? பட்டினி கெடப்பேன்ட்டி."

ஸ்பூன் வாங்கிக் கொடுத்தேன். அதைப் பிடிப்பதும் அந்தக் கைதானாம். பக்கத்து வீட்டு மாரீஸ்வரி ஊட்டுகிறேன் என்றால் வெட்கம். ஆள் எலும்பும் தோலுமாகிவிட்டார்.

ஜூன் 4, புதன்

மாரீஸ்வரி என்னை மாகிம் மாதா கோயிலுக்கு, புதன்கிழமை நவநாள் ஜெபத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். நெற்றியில் குங்குமத்தோடு ஏழு வருடமாகப் புதன் தவறாமல் போகிறவள். ஞானஸ்நானம் வாங்கிய நான் இன்றுதான் முதல் தடவை போகிறேன்! உள்ளே எத்தனை பாஷையில் அழுகிறார்கள். புர்கா போட்ட ஓர் அம்மா நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தாள்.

வாசலில் மெழுகில் செய்த கை, கால், வீடு, பிள்ளை விற்கிறார்கள். எது குணமாக வேண்டுமோ அதை வாங்கி மாதா முன்னால் வைக்க வேண்டும். நெரிசலில் "ஏக் ஹாத் தோ" என்று ஒரு கையை வாங்கி வைத்தேன். ஒன்பது புதன் வருவதாக நேர்ந்துகொண்டேன்.

ஜூன் 5, வியாழன்

அவர் இடது கைக்கு சோப்புப் போடும்போது திக்கென்றது. நேற்று வைத்த மெழுகுக் கையிலும் கட்டைவிரல் இதே பக்கம்தான் இருந்தது. நான் வைத்தது இடது கை. அய்யோ மாதாவே, எனக்குக் கண்ணு எங்க போச்சு?

ஜூன் 8, ஞாயிறு

தாராவியில் தமிழ்ப் பூசை. மனசு ஒட்டவில்லை. திரும்பி வந்து மாரீஸ்வரியிடம் சொன்னேன். சிரிக்கிறாள். "நம்ம கல்லிச் சந்துல அட்ரஸ் தப்பா எழுதுனாலும் போஸ்ட்மேன் கொண்டாந்து குடுக்கான். மாதாவுக்குத் தெரியாதாக்கும்?"

ஜூன் 12, வியாழன்

டாக்டர் சொல்லிட்டார். கை நரம்புக்கு உயிர் வர ஒரு வருஷம் ஆகுமாம். வராமலும் போகுமாம். இப்படியே பட்டினி கிடந்தா இவர் வருஷம் தாங்குவாரா? நான் எந்தக் கோயில்ல போய் முட்ட?

ஜூன் 15, ஞாயிறு

இன்று ஒரு நாள் செம்பூரில் டியூட்டி. முடிந்ததும் அங்கேயே கோயிலில் இங்கிலீஷ் பூசை. பாதி புரியவில்லை. ஆனால் என்ன ஒழுங்கு! மழையில் நனைந்து வந்த என்னைப் பார்த்து ஒரு பெண் பேசாமல் துண்டை நீட்டினாள்.

பூசையில் ஃபாதர் கொடுக்கும் நன்மை அப்பத்தை நான் எப்போதும் நாக்கில்தான் வாங்குவேன். இங்கே பெரும்பாலும் கையில் வாங்குகிறார்கள். வலது கை கீழே, இடது கை மேலே. ஃபாதர் அப்பத்தை, சேசுவின் உடம்பை, வைப்பது இடது உள்ளங்கையில்! வலது கையால் எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறார்கள். இத்தனை வருடம் இதைக் கவனிக்கவே இல்லையே நான்.

ஜூன் 18, புதன்

மூன்றாம் புதன். மழை. ரயில் லேட். இருந்தாலும் போனேன்.

ஜூன் 21, சனி

சோறு இன்றும் அப்படியே. கத்திவிட்டேன். "சேசுவையே அந்தக் கையிலதான் வாங்குதாங்க. உமக்குச் சோறு வாங்கக் கசக்குதோ?"

"புளுகாத."

"நாளைக்கு செம்பூருக்கு வந்து பாரும்."

ஜூன் 22, ஞாயிறு

வந்தார். அடிபட்ட பிறகு இன்றுதான் கோயில் படி ஏறுகிறார். வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். கட்டுப் போட்ட கை கீழே, இடது கை மேலே. ஃபாதர் அப்பத்தை வைத்தார். எடுத்து வாயில் வைக்க அந்த வலது கை உதவாது. உள்ளங்கையைப் பார்த்தபடியே நின்றுவிட்டார். பின்னால் அவ்வளவு கூட்டம், ஒருத்தரும் உச்சுக்கொட்டவில்லை. ஃபாதரும் அடுத்த ஆளைக் கூப்பிடாமல் காத்திருந்தார். அந்த ஜனத்தை நான் மறக்கமாட்டேன்.

பிறகு அவர் உள்ளங்கையை வாய்க்குக் கொண்டுபோனார்.

ஜூன் 23, திங்கள்

சாயங்காலம் வந்தபோது தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது.

ஜூலை 30, புதன்

ஒன்பதாம் புதன். அவரும் மாகிம் வந்தார். வலது கை விரல்கள் இன்னும் அசையவில்லை. பட்டறையில் மேஸ்திரி வேலை தருகிறார்களாம், கணக்கு எழுத வேண்டுமாம், இடது கையால் எழுதிப் பழகுகிறார். கோழி கிறுக்கல்தான்.

மெழுகுக் கடைக்காரி இந்தத் தடவை எந்தக் கை என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

வெளியே வந்து வடா பாவ் வாங்கினோம். காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிடவில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இடது கையால் ஒரு துண்டு பிய்த்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"வாயத் தொறட்டி."

நடுரோட்டில், அத்தனை பேர் பார்க்க, வாயைத் திறந்தேன்.