ஊற்றின் மேல் நிற்கும் பச்சைக் கார்

கெல்னர், மின்னசோட்டா
வியாழக்கிழமை காலை

தங்கை லவீனாவுக்கு அண்ணன் ஆர்வில் அன்புடன் எழுதுவது.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஏரிக்குப் போகும் நம் நிலத்துக் கதவைத் திறந்துவிட நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாய். அது அநியாயம். நிலத்தில் பாதி உனக்கு என்றால் பாதி எனக்கு. குளிர்காலம் முழுக்க அரிசோனா வெயிலில் உட்கார்ந்துகொண்டு, இங்கே எந்தக் கதவு திறக்க வேண்டும் என்று நீ முடிவு செய்கிறாய். போன் செய்தால் எடுப்பதில்லை. அதனால்தான் நாளைக்கே உன் கைக்கு வரும் தபாலில் இதை அனுப்புகிறேன். கிழிப்பதானாலும் படித்துவிட்டுக் கிழி.

உன் வீட்டுக் குழாய்கள் உறையவில்லை. தினமும் போய்ப் பார்த்துக்கொள்கிறேன். கோபம் வேறு, குழாய் வேறு.

விஷயம் காரைப் பற்றியது. எஞ்சினைக் கழற்றிய பழைய காரை வருஷா வருஷம் உறைந்த ஏரியின் நடுவில் நிறுத்தி, அது என்றைக்கு உள்ளே விழும் என்று பந்தயச் சீட்டு விற்கிறார்களே, அதை நான் குறை சொல்லவில்லை. பூங்காவில் ஊஞ்சல் வந்தது அந்தப் பணத்தில்தான். நானும் சீட்டு வாங்குகிறவன்தான். ஆனால் இந்த வருஷம், சீட்டு விற்கும் ஊர்ச் சங்கத்தின் தலைவர் டுவேன் கெஸ்லருக்கு ஒரு யோசனை. பனித் திருவிழாவுக்குக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள், பிள்ளைகள் கரையோரம் சறுக்குகிறார்கள், கார் மட்டும் எங்கோ புள்ளியாகத் தெரிகிறதே என்று, அதைக் கரைப் பக்கம் இழுத்து வந்துவிட்டார். எங்கே தெரியுமா? நம் கதவுக்கு நேர் கீழே, இரண்டு வில்லோ மரங்களுக்கு நடுவில்.

அங்கே என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். சின்ன வயதில், ஐஸை உடைக்கக் கோடரி எடுக்காமலே நாம் இருவரும் மாட்டுக்குத் தண்ணீர் மொண்ட இடம். ஏரி முழுக்க இறுகினாலும் அடியில் ஊற்று வந்துகொண்டே இருக்கும், அங்கே மட்டும் ஐஸ் கெட்டியாகாது. ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. கதவை நான் சாத்தியே வைத்திருந்தேன். யாரும் அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை.

டுவேன் துளை போட்டு அளந்தது உண்மைதான். ஏரி நடுவில் அளந்தார். அங்கே ஐஸ் கெட்டியாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வாரம் மழை பெய்தது. நேற்று நான் போய்ப் பார்த்தேன். காரின் பின்சக்கரம் தண்ணீரில் நிற்கிறது. பக்கத்தில் கடப்பாரையால் குத்தினேன், இரண்டாம் குத்தில் உள்ளே போய்விட்டது.

டோனட் கடையில் எல்லோர் முன்னாலும் இதைச் சொன்னேன். டுவேன் சிரித்துவிட்டு, "அட போய்யா ஆர்வில், அது மழைத் தண்ணி. போன வருஷமும் இப்படித்தான் ஐஸ் தாங்காதுன்னு கதவை மறிச்ச, ஒரு வாத்து கூட முழுகல. நீ எறங்காம இருந்தா ஐஸ் தாங்கும்யா" என்றார். கடையே சிரித்தது. போன வருஷம் ஐஸ் தாங்கியது அதன் இஷ்டம். நான் சொன்னது அன்றைக்கும் சரிதான்.

பிறகு உன் மகன் கர்ட் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டான். "மாமா, உங்களுக்கும் அம்மாவுக்கும் சண்டைன்னா அதை நீங்களே வச்சுக்குங்க. பிள்ளை ஆசையக் கெடுக்காதீங்க. கதவு விஷயத்துல தோத்துட்டீங்க, அதான் இப்படிப் பேசுறீங்க" என்றான். அவனுக்குப் பின்னால் ஜோசி வெள்ளைக் கவுன் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தாள். இந்த வருஷத் திருவிழாவில் கிரீடம் சூடும் பனி இளவரசி உன் பேத்திதான், உனக்குச் சொல்லியிருப்பார்கள். சனிக்கிழமை மதியம் அவளை அந்தக் காரின் கூரைமேல் உட்கார வைத்து, சுற்றிலும் பள்ளிப் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுக்கப் போவதைச் சொன்னார்களா? அன்றைக்கு நல்ல வெயில் என்கிறது ரேடியோ. கார் கரும்பச்சை நிறம். வெயிலை அப்படியே குடிக்கும்.

"தாத்தா, நீங்களும் படத்துல நில்லுங்க" என்றாள் என்னிடம்.

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நீ இதைப் படித்த நிமிஷமே கர்ட்டுக்குப் போன் செய்து ஊற்றைப் பற்றி உன் வாயால் சொல். என் பேரை எடுக்காதே, எடுத்தால் நம்ப மாட்டான். அடுத்து டுவேனைக் கூப்பிட்டு, கொடுத்த சம்மதத்தைத் திரும்ப வாங்கு. சறுக்கு மைதானத்தை அவர் பூங்காக் குளத்துக்கு மாற்றட்டும், அங்கே இடுப்பளவுத் தண்ணீர்தான். காரை யாரும் மீட்கப் போக வேண்டாம், அது விழட்டும். ஜோசிக்குக் கிரீடத்தைப் பள்ளிக்கூடத்தில் சூட்டலாம். கர்ட் அவளைக் கரைப் பக்கமே கூட்டி வரக் கூடாது.

நான் சனிக்கிழமை விடிவதற்குள் என் டிரக்கைக் கதவுக்குக் குறுக்கே நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்திருப்பேன். போலீஸ் வரும், இழுத்துப் போடும். அதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம்தான் என்னால் முடியும். மிச்சம் உன் கையில் இருக்கிறது. என்மேல் உள்ள கோபத்தை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வை, லவீனா. போனை எடு.

உன் அண்ணன்,
ஆர்வில்