லோஷினியின் இரண்டாவது மரபணு

மார்ச் 4, 2025

ஆறாம் படிவ மாணவர்களுக்கு இன்று புரதம் உருவாகும் பாடம். பதினோராவது வருடமாக அதே படம்: டி.என்.ஏ.யிலிருந்து ஒரு நகல், அந்த நகலைப் படித்துப் புரதம் கோக்கும் ரைபோசோம். எனக்கே கொட்டாவி வந்தது.

மாலையில் என் மகள் லோஷினியைப் பார்த்துக்கொள்ளும் கருப்பாயி அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார். “டீச்சர், பாப்பாவுக்குப் பத்து மாசம் ஆச்சு. உக்கார மாட்டேங்குது. கையையும் தூக்கல.”

“சில பிள்ளைங்க லேட் லா,” என்றார் என் கணவர் ஜெயகுமார். நம்பத்தான் ஆசை.

மார்ச் 19

குளுவாங் டாக்டர் முட்டியில் தட்டிப் பார்த்தார். கால் அசையவில்லை. ஜொகூர் பாரு பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் எழுதினார்.

ஏப்ரல் 10

பரிசோதனை முடிவு வந்துவிட்டது: முதுகுத்தண்டுத் தசைநலிவு. தசையை இயக்கும் நரம்பு பிழைக்க ஒரு புரதம் வேண்டும். அதற்கான மரபணு அவளிடம் இல்லை. எங்கள் இருவரிடமும் ஆளுக்கொரு குறை இருந்திருக்கிறது, தெரியவே இல்லை.

காரில் ஜெயகுமார், “நாமதானே குடுத்தோம்” என்றார்.

பதினோரு வருஷம் பாடம் எடுத்து என்னத்தக் கிழிச்சேன்?

ஏப்ரல் 17

ஜொகூர் பாரு மருத்துவமனையில் டாக்டர் நிலோபர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். “டீச்சர், இதே போல இன்னொரு மரபணு எல்லார்கிட்டயும் இருக்கு. பாப்பாகிட்டயும் இருக்கு. செல் அதை நகல் எடுக்குது. ஆனா வேண்டாத பகுதிகள வெட்டி ஒட்டுறப்ப, வேண்டிய துண்டு ஒண்ணையும் சேத்து வெட்டிப் போட்டுடுது. அதனால புரதம் குறையா வந்து சீக்கிரம் அழிஞ்சுடுது.”

“எல்லாமேவா?”

“இல்ல. பத்துல ஒண்ணு சரியா வரும்.”

அந்தத் துண்டை விடாமல் சேர்க்க வைக்கும் சிரப் ஒன்று உண்டாம். ஓர் உதவித் திட்டத்தில் அவள் பெயரைச் சேர்த்திருக்கிறார். “செத்த நரம்பு திரும்பாது. இருக்கறதக் காப்பாத்தலாம்.”

ஏப்ரல் 18

பத்தில் ஒன்று. அவள் பால் குடித்தது, அழுதது, என்னைப் பார்த்துச் சிரித்தது — எல்லாம் அந்த ஒன்றில்தானா? யாரும் சொல்லாமல், யாரும் பார்க்காமல், அந்தச் சின்ன உடம்பு இத்தனை நாளும் அதை வைத்தே சமாளித்திருக்கிறது. அவள் தூங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 6

முதல் வேளை மருந்து. பாதியைத் துப்பிவிடுவாளோ என்று பயந்தேன். முழுவதையும் விழுங்கினாள்.

மே 20

மறுபடியும் அதே பாடம், மீள்பார்வைக்கு. நகலை வெட்டி ஒட்டும் இடத்தில் நின்றுவிட்டேன். ஒரு எழுத்து மாறினால் ஒரு துண்டு போகும். ஒரு துண்டு போனால் ஒரு குழந்தை உட்கார மாட்டாள். அப்படியும் கோடானுகோடி செல்களில் இது ஒவ்வொரு நொடியும் சரியாக நடக்கிறதே! இதையா இத்தனை வருடம் ஐந்து மதிப்பெண் கேள்வியாக நடத்தினேன்? மணி அடித்தும் யாரும் எழவில்லை.

ஜூலை 2

ஒரு மாற்றமும் இல்லை. எனக்குத் தெரியல. ஒண்ணுமே தெரியல.

ஆகஸ்ட் 14

தலை ஆடாமல் நிற்கிறது. ஜெயகுமார் நம்பாமல் மூன்று தடவை தூக்கிப் பார்த்தார்.

அக்டோபர் 5

காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். “அலமாக்! தர்மினி, இங்க வா!” என்று ஜெயகுமார் கத்தினார். ஓடினேன். லோஷினி அவர் மடியில் உட்கார்ந்து, கையை நீட்டி, அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கியிருக்கிறாள். கண்ணாடியின் ஒரு பக்கக் காம்பு முறிந்துவிட்டது. அவர் அழுதுகொண்டே சிரித்தார்.

தோசை கருகிவிட்டது. நாளை கண்ணாடிக் கடைக்குப் போகவேண்டும்.