அம்மாவோட நீலச் சட்டையில வெட்டின துண்டு

குட்டிம்மாவுக்கு அப்பா எழுதறது. இங்க நான் சாப்பிடறேன், தூங்கறேன், வேலைக்குப் போறேன், அதுக்குப் பேரு நல்லா இருக்கறதுன்னா நல்லா இருக்கேன். நீ அங்க ஹாஸ்டல்ல வேளைக்குச் சாப்பிடறியா, இருமல் விட்டுச்சா. உங்க பெரியம்மா தினமும் போன் பண்றாங்க, ஒரு தடவை அழுதுடுங்க தம்பி, பாரம் குறையும்னு. வரமாட்டேங்குது. சாயப்பட்டறை லேப்புல சாயம் போகுதான்னு நாளுக்கு அறுபது துணி பாத்து மார்க் போடறேன், ஒரு தப்பு விடலை, அதுதான் எனக்கே பயமா இருக்கு.

அம்மா வேலைக்குப் போட்டுட்டுப் போற நீலச் சட்டையை அனுப்பச் சொன்னே. அம்மா போனதுக்கப்புறம் நீ எங்கிட்ட வாயத் திறந்து கேட்டது அது ஒண்ணுதான், அதனால நல்லபடியா அனுப்பணும்னு, சட்டைக் கையில இருந்த டீக்கறைய எடுக்கத் துவைக்கலாம்னு போனேன். சாயம் போயிடுமோன்னு சந்தேகம். சந்தேகம் வந்தா உங்கப்பன் என்ன பண்ணுவான்னு உனக்குத் தெரியும். உள்மடிப்புல கட்டைவிரல் அகலம் வெட்டி, சாயம் ஒட்டுதான்னு பாக்க லேப்புல பண்ற மாதிரியே வெள்ளைத் துணியோட சேத்துத் தச்சு, நாப்பது டிகிரி சோப்புத் தண்ணில அரை மணி நேரம் போட்டுட்டேன். கத்திரியக் கீழ வச்சப்புறம்தான் உறைச்சுது. அம்மா இருந்திருந்தா, நான் என்ன உங்க லேப்புக்கு வந்த சாம்பிளான்னு கேட்டிருப்பா. வெள்ளைத் துணி பூரா நீலம் ஏறிடுச்சு. சட்டையத் தண்ணில போடலை.

அப்பதான் இங்கிலீஷ் சொல்லெல்லாம் எங்கருந்து வந்துச்சுன்னு அவ எழுதி வச்ச நோட்டை எடுத்தேன். அவ தையல் வேலைல இருந்து பாதிச் சொல், என் வேலைல இருந்து பாதி. பட்டன்னா பழைய பிரெஞ்சுல மொட்டாம், காலைலருந்து ஐந்நூறு மொட்டு தச்சேன், ஒண்ணாவது பூத்துச்சான்னு கேப்பாளே. பெல்ட்டுப் பக்கிள்னா லத்தீன்ல சின்னக் கன்னமாம், போர்வீரன் தொப்பி வாரு கன்னத்துல வர்றதால, அதைப் படிச்ச அன்னிக்கு உன் கன்னத்தப் பிடிச்சு மாட்டு மாட்டுன்னு நீ கத்தற வரைக்கும் விடலை. கலருக்கு அடியில மூடி மறைக்கறதுன்னு ஒரு வேர் இருக்காம், எதையும் மனசுலயே மூடி வைக்கற உங்களுக்கு ஏத்த தொழில்தான்னு என்னைச் சொல்லுவா. கடைசி வரில ஸ்டெயின்னு எழுதி பக்கத்துல காலி. வேலைலருந்து அதே சட்டையோட ஆஸ்பத்திரில சேத்து, அந்த டீ கொட்டின அன்னிக்கு, இந்தக் கறைக்கு எங்கருந்து சொல் வந்துச்சு, அகராதில பாத்துட்டு வாங்கன்னா. நாளைக்குன்னேன். அடுத்த நாள் கேக்க அவ இல்லை.

நேத்துப் பாத்தேன். முன்னாடி அதுக்குச் சாயத்தை எடுத்துடறதுன்னுதான் அர்த்தமாம். ரெண்டு தடவை படிச்சேன். கறைய எடுக்கறேன்னு நான் அதைத்தானே பண்ண இருந்தேன். அவ எழுத்துக்குப் பக்கத்துல எழுதி வச்சேன்.

சட்டை கறையோட, வெட்டோட வருது. மன்னிச்சுக்க. ரெண்டாவது பட்டன் அவ அவசரத்துல தச்சது, லூசா இருக்கு, விழுந்தாலொழிய தொடாதே. நீலம் ஏறின வெள்ளைத் துண்டை மட்டும் நான் வச்சுக்கறேன், அதுக்கு மார்க் போடலை.

நீ தைரியமா, நிறைவா இருக்கணும், அப்பா மனசு எப்பவும் உன் பக்கத்துலதான். ராத்திரி கதவுத் தாழ்ப்பாள் போட்டுட்டுப் படு. நோட்டுல அடுத்த வரி காலியா இருக்கு, ஞாயித்துக்கிழமை போன் பண்ணி ஒரே ஒரு சொல்லாவது சொல்லு, எழுதிக்கறேன்.

உன்
அப்பா