பிறக்கும்போதே இல்லாத ஒன்று

ஆவணி 29, திங்கள்
காலையில் தூறல். கள்ளக்குறிச்சி டாக்டரிடம். போலீஸ் செலக்‌ஷனில் ஓட்டம், கயிறு, மார்பளவு எல்லாம் பாஸ். மெடிக்கலில் நிறுத்திவிட்டார்கள். ஒரு பக்கம் விதைக்கொட்டை இல்லை, சர்ட்டிபிகேட்டோடு வா என்று.

ஏழு வயதில் புளியமரத்திலிருந்து விழுந்தபோது நசுங்கிப் போனதாகத்தான் நினைத்திருந்தேன். பதினைந்து வருஷமாக யாரிடமும் மூச்சு விட்டதில்லை. ஆற்றில்கூடத் தனியாகத்தான் குளியல். டாக்டரிடம்தான் முதலில் சொன்னேன். தடவிப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். "மரமும் இல்ல, அடியும் இல்லப்பா. பொறக்கும்போதே இல்ல."

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் சொன்னது, மறப்பதற்குள்:
- வயிற்றுக்குள் ஒளிந்திருக்கலாம். விட்டுவைத்தால் பின்னால் கட்டியாகும் பயம். இந்த வயதில் எடுத்துவிடுவதே நல்லது.
- உள்ளேயும் இல்லையென்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். இருக்கிற ஒன்று நன்றாக இருக்கிறது, அதுவே போதும். குழந்தை பிறக்கும். ஊசி, மாத்திரை வேண்டாம்.
- பார்வைக்காக மெட்ராஸில் செயற்கையாக ஒன்று வைப்பார்களாம். (எவன் பார்க்கப் போகிறான்!)

முதலில் ஸ்கேன். தேவைப்பட்டால் கீறிப் பார்ப்பது. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரி, வியாழன். சீட்டு சட்டைப் பையில்.

ஆவணி 31, புதன்
வெயில். கரும்புக்குத் தண்ணீர். அக்கா வீட்டுக்காரர் கோடரி தீட்டிக்கொண்டிருந்தார். இட ஒதுக்கீடு கேட்டு நாளையிலிருந்து சாலை மறியல்.

"உன்ன மாதிரி பசங்களுக்கு வேல கெடைக்கத்தான்டா மரத்த வெட்டப் போறோம். நீ இன்னாடான்னா மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு கீற."

என்ன சொல்ல? இட ஒதுக்கீடு வந்தாலும் நான் மெடிக்கலில் நின்றுவிடுவேன், மச்சான் என்றா?

புரட்டாசி 1, வியாழன்
பஸ் இல்லை. ரோடெல்லாம் வெட்டிப் போட்ட மரம். பையோடு போய்ப் பையோடு வீடு. எதற்குப் பாண்டிச்சேரி என்று அம்மா விடாமல் கேட்டாள். சொல்லிவிட்டேன். அம்மா முறத்திலிருந்து தலைகூடத் தூக்கவில்லை.

"பொறந்தப்பவே தெரியும்டா. ஒரு வயசுல ஆஸ்பத்திரிக்கு இட்டாரச் சொல்லி நர்ஸம்மா சொன்னாங்க. கத்தி வெப்பாங்கன்னு உங்கப்பா வேணாண்டாரு."

"எனக்கு ஏன் சொல்லல?"

"இன்னாத்துக்கு? பொண்ணு கேக்கப் போனப்பவே எங்கண்ணங்கிட்ட சொல்லிட்டுத்தான் கேட்டேன். செல்விக்கும் தெரியும்."

தையில் என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவளுக்குத் தெரியும். என் உடம்பு, எனக்குத்தான் தெரியாது. இரவுச் சாப்பாடு இல்லை.

புரட்டாசி 2, வெள்ளி
மலைப் பக்கம் மேகம். சைக்கிளில் நைனார்பாளையம், செல்வி வீட்டுக்கு. ஏழு இடத்தில் மரம். ஏழு இடத்திலும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு.

செல்வி மாட்டுக்குச் சோளத்தட்டை போட்டுக்கொண்டிருந்தாள். தெரிந்தும் ஏன் சரி என்றாய் என்று கத்தினேன்.

"அதனால இன்னா மாமா? புள்ள குட்டிக்கு ஒண்ணும் கொறையில்லன்னு அத்த சொன்னாங்க."

உள்ளே ஒளிந்திருந்தால் கட்டியாகுமாம் என்றேன். கையிலிருந்த தட்டை கீழே விழுந்தது.

"இத யாரும் சொல்லலியே! இருக்குதா இல்லியான்னு பாத்தியா?"

"இல்ல. பஸ் ஓடல."

"சண்ட போட மட்டும் சைக்கிள் வருமா?"

உள்ளே போனாள். செருப்பு மாட்டிக்கொண்டு வந்தாள். அவள் அப்பா திண்ணையிலிருந்து எழுந்து வருவதற்குள் கேரியரில் ஏறி உட்கார்ந்தாள்.

"பாண்டிக்கு மிதி."